கைரோபிராக்டர் மேல் புகார் இருந்தால் யாரிடம் போவது?

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்கிறவர்தான் கைரோபிராக்டர். அவரிடம் போனால் குணமாகுமா ஆகாதா என்று பட்டிமன்றம் நடத்த இதை எழுதவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்ந்த சங்கடம் வேறு மாதிரி. வைத்தியம் நினைத்தபடி போகவில்லை, பணம் போனது, ஒரு கால் கொஞ்ச நாள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சரி, முறைப்படி புகார் கொடுப்போம் என்று கிளம்பினால், இந்தத் தொழில் யாருடைய பொறுப்பில் வருகிறது என்ற கேள்விக்கே பதில் கிடைக்கவில்லை. ஏறிய படியில் எல்லாம் "இது எங்களுடையது இல்லை" என்று கையை விரித்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தனியாக அலைந்த அலைச்சல் அது. இன்னொருவர் அப்படி அலைய வேண்டாம் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இடுப்பு வலி எனக்கு அவ்வப்போது வந்துபோகிற விருந்தாளிதான். அந்த முறை போகவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. இணையத்தில் வீடியோக்களைப் பார்த்தேன். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, படார் என்று சத்தம், படுத்திருந்தவர் முகத்தில் நிம்மதி. பக்கத்திலேயே அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்ததும் போய்விட்டேன். உள்ளே எல்லாமே மருத்துவமனைத் தோற்றம். வெள்ளைக் கோட்டு, பெயருக்கு முன்னால் டாக்டர், சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். முதல் நாளே முதுகு முழுவதும் எக்ஸ்ரே. அதைத் திரையில் போட்டு, சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் இழுத்து, பச்சை இருக்க வேண்டிய இடம், சிவப்பு நீங்கள் இருக்கும் இடம் என்றார். முள்ளெலும்புகள் விலகி நரம்பை அழுத்துகின்றனவாம், அதற்குப் பெயர் சப்லக்சேஷனாம், வலி மட்டுமல்ல, என் செரிமானக் கோளாறுக்கும் தூக்கமின்மைக்கும்கூட அதுதான் காரணமாம். அரை வருடத்துக்கான பேக்கேஜ் ஒன்றை முன்வைத்தார்கள். அன்றே கட்டினால் தள்ளுபடி. கட்டினேன். ஏறக்குறைய என் இரண்டு மாதச் சம்பளம்.

ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மேசையின் ஒரு பகுதி டமால் என்று இறங்கும், அதோடு சேர்த்து இடுப்பில் ஓர் அழுத்தம். எழுந்து நடக்கும்போது உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது, அந்தச் சத்தம்தான் அடையாளம் என்றார். பின்னால்தான் தெரிந்தது, நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குழி உண்டாவதால் வருவது. எலும்பு எங்கேயும் போய்த் திரும்பி வருவதில்லை. சில வாரம் கழித்து வலி இடுப்பிலிருந்து இறங்கிக் காலுக்குப் போனது. கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போல இருந்தது, அப்புறம் மரத்துப்போனது. கேட்டால், "உடம்பு சரியாகிற வேலையைச் செய்யுது சார், ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும்" என்றார். ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது. மாட்டிக்கொண்டு நடந்தேன், மறுபடி கழன்றது. முன்பாதம் தூக்க வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எலும்பு மருத்துவர் என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது கால் நடந்தது, வலது பாதம் தரையைவிட்டு எழவில்லை. எம்ஆர்ஐயில் கீழ் முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையிலிருக்கும் தட்டு (டிஸ்க்) ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. "அவர் அழுத்தியதால்தான் இப்படி ஆனதா?" என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தானாகவும் பிதுங்கும், தும்மினாலும் பிதுங்கும். ஆனால் மரத்துப்போன அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. என்னை இழுத்தடித்த அந்த வாரங்கள்தான் என் உண்மையான நஷ்டம். எனவே முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் அல்லது காலில் பலம் குறைவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோவது, முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகு வலி. இதில் எது இருந்தாலும் யாரிடமும் முதுகைக் கொடுக்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். மரப்பும் சிறுநீர்ப் பிரச்சினையும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு. இவை எதுவும் இல்லாத சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு முதல் நாளே எக்ஸ்ரே தேவையில்லை என்று அமெரிக்கக் கைரோபிராக்டர் சங்கமே தன் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இனிதான் அலைச்சல். மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பேக்கேஜ் பணம் திரும்பாது என்றார்கள். மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதினேன். அவர் பதிவு பெற்ற மருத்துவர் இல்லை, எனவே அவர் மேல் நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மருத்துவராக இருந்து தப்பு செய்திருந்தால் பிடித்திருப்பார்கள், மருத்துவரே இல்லை என்பதால் தப்பித்துக்கொண்டார். பிசியோதெரபிக்காரர்களிடம் போனேன். "முதுகை அழுத்துவது நாங்களும் செய்கிறதுதான் சார், ஆனால் அவர் எங்க ஆள் இல்லையே" என்றார் அங்கிருந்தவர். சுகாதாரத் துறையில், கட்டடத்துக்குச் சுத்தம், தீயணைப்பு அனுமதி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நான் கட்டடத்தின் மேல் புகார் கொடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியாக, அவர் உறுப்பினராக இருந்த ஒரு கைரோபிராக்டர் சங்கம். அங்கே பேசிய அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டார். விசாரிக்கிறோம், ஆனால் எங்களால் அதிகபட்சம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க முடியும், அவர் மறுநாளும் கடையைத் திறப்பதை எங்களால் தடுக்க முடியாது என்றார். நான் இருக்கும் இடத்தில் கைரோபிராக்டர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஒரு கைரோபிராக்டர்தான்.

ஏன் இப்படி என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். கால் மேல் தலையணை வைத்துப் படுத்திருக்கும்போது வேறு வேலை என்ன? இந்தச் சண்டை அந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் ஊரில் 1895இல் டி. டி. பால்மர் என்பவர் ஆரம்பித்தது. காந்தத்தால் குணப்படுத்துகிறேன் என்று தொழில் செய்துகொண்டிருந்தவர். நோய்களில் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்பு விலகலால் வருகின்றன என்பது அவர் கொள்கை. 1906இல் உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாகத் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். மறு வருடம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஷெகடாரோ மொரிகுபோ என்ற கைரோபிராக்டர் மேல், உரிமமில்லாமல் ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் இன்னொரு வைத்திய முறை) பார்த்ததாக வழக்கு. நாங்கள் செய்வது மருத்துவமும் இல்லை, ஆஸ்டியோபதியும் இல்லை, இது தனித் தொழில் என்று வாதாடி அவர் விடுதலையானார். அதற்கப்புறம் பல காலம் இதே வாதம்தான் அவர்களுக்குக் கேடயம். நாங்கள் நோயைக் கண்டறிவதில்லை, நோய்க்கு மருந்து தருவதில்லை, முதுகெலும்பைச் சரிசெய்கிறோம், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எழுந்துபோய், முதல் நாள் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடி எடுத்தேன். பொடி எழுத்தில் இருந்தது: இந்த மையம் எந்த நோயையும் கண்டறிவதோ குணப்படுத்துவதோ இல்லை. 1907இல் நீதிமன்றத்தில் எடுத்த நிலைப்பாடு அப்படியே என் கையெழுத்துக்கு மேலே! விளம்பரத்தில் சிகிச்சை, ரசீதில் வெல்னஸ் புரோகிராம், படிவத்தில் நோயைக் குணப்படுத்துவதில்லை. மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், எனக்குப் பிடி கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருத்துவர்கள் பக்கமும் சுத்தமாக நடந்துகொள்ளவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி வைத்திய ஒழிப்புக்கென்று ஒரு குழு அமைத்தது, அதன் முக்கிய இலக்கு கைரோபிராக்டிக். மருத்துவர்கள் கைரோபிராக்டர்களோடு தொழில்முறை உறவு வைப்பதே ஒழுக்கக்கேடு என்று விதி. 1976இல் செஸ்டர் வில்க்கும் இன்னும் சில கைரோபிராக்டர்களும் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், சங்கம் செய்தது வியாபாரப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்துக்கு விரோதமான சதி என்று தீர்ப்பளித்தார். இந்தத் தீர்ப்பைத்தான் என் கிளினிக்கின் வரவேற்பறைப் பிரசுரம் "நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட மருத்துவம்" என்று போட்டிருந்தது. அது தவறு. வழக்கு வியாபாரப் போட்டியைப் பற்றியது, கைரோபிராக்டிக் குணப்படுத்துகிறதா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

அந்த எக்ஸ்ரே மோகத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1972இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் கைரோபிராக்டிக்கைச் சேர்த்தபோது, எக்ஸ்ரேயில் சப்லக்சேஷன் தெரிந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தார்கள். 2000இல்தான் எக்ஸ்ரே கட்டாயத்தை எடுத்தார்கள். ஆக, அறிவியல் இன்னும் ஏற்காத ஒன்றைச் சட்டப் புத்தகம் ஏற்றுக்கொண்டது, அதைப் படம் பிடித்துக் காட்டவும் சொன்னது. பிரிட்டனில் நேர் எதிர். அங்கே 1994இல் கைரோபிராக்டர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள், பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் குற்றம். அந்தச் சட்டப்படி அமைந்த பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010இல், சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்துதான், அதனால் நோய் வருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. அதே வருடம்தான், கைரோபிராக்டிக்கை விமர்சித்து எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மேல் பிரிட்டிஷ் கைரோபிராக்டர் சங்கம் போட்டிருந்த அவதூறு வழக்கை வாபஸ் வாங்கியதும். என் முதுகில் சிவப்புக் கோடு இழுத்தவருக்கு இந்த அறிவிப்பு தெரியுமா என்று கேட்க ஆசைதான்.

அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது என்பது எனக்குப் புதுச் செய்தி. முதுகெலும்பு விலகலைத் தவிர வேறெதையும் தொடாத பழமைவாதிகளை அங்கே ஸ்ட்ரெயிட் என்கிறார்கள், உடற்பயிற்சி, மற்ற சிகிச்சைகள் எல்லாம் கலந்து செய்பவர்களை மிக்ஸர் என்கிறார்கள். நூறு வருடமாக இந்தச் சண்டை. நாடுகளிலும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் மருத்துவம், பல் மருத்துவத்தோடு சேர்த்துச் சட்டம் சொல்லும் ஐந்து மருத்துவத் தொழில்களில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. டென்மார்க்கில் பல்கலைக்கழகத்தில், மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து ஆரம்பப் பாடம் படிக்கிறார்கள். ஜப்பானில் தனிச் சட்டமே இல்லை. அமெரிக்காவில்கூட முதல் உரிமச் சட்டம் கான்சாஸில் 1913இல், கடைசியாக லூசியானாவில் 1974இல். அதாவது மாநிலம் மாநிலமாக அறுபது வருடத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில், புதிதாகப் படிக்க வருபவருக்கு முழுநேரப் பயிற்சி குறைந்தது 4200 மணி நேரம், அதில் 1000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் வேண்டும் என்கிறது. முதல் நாள் சும்மா இருக்கட்டும் என்று கைபேசியில் எடுத்த சுவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்க முத்திரையெல்லாம் பதித்த பெரிய சான்றிதழ், வாரக் கடைசியில் நடந்த ஒரு பயிலரங்கில் கலந்துகொண்டதற்கு. எல்லாருமே அப்படி இல்லை. நாலைந்து வருடம் ஒழுங்காகப் படித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இவரும் அவர்களும் ஒரே பட்டத்தைத்தான் போட்டுக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்கும் நோயாளிக்கு எப்படித் தெரியும்? ஒழுங்காகப் படித்தவர்களுக்கும் இதில் எரிச்சல் இருக்கும் என்றே நினைக்கிறேன், அந்தச் சங்கத்து அம்மாவின் குரலில் அது இருந்தது.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் தேசியப் பதிவு, தனி வாரியம் எல்லாம் உண்டு. கைக்குழந்தைக்கு முதுகை அழுத்தும் வீடியோ ஒன்று வெளியாகிப் பெரிய சர்ச்சையானதும், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்யக் கூடாது என்று 2019இல் வாரியம் நிறுத்தியது. 2023இல் தளர்த்தியது. 2024இல் சுகாதார அமைச்சர்கள் தலையிட்டதும் மறுபடி தடை. இழுபறிதான், ஆனால் இழுக்க ஒரு கயிறாவது இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

பணம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். மருத்துவப் புகாராக எடுத்துப்போன வரை ஒன்றும் நடக்கவில்லை. அவர்களே ரசீதில் வெல்னஸ் புரோகிராம் என்று எழுதிவிட்டார்கள் இல்லையா, சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று நுகர்வோர் புகாராக மாற்றினேன். விளம்பரத்தில் சொன்ன சேவை ஒன்று, படிவத்தில் எழுதியது வேறு, வாங்காத சேவைக்கும் பணம் பிடித்திருக்கிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் கடிதம். வலியைப் பற்றி அதில் புலம்பவில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, படிவம், "ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாம் இணைப்பு. அதற்குப் பிறகுதான் தொலைபேசி வந்தது. மீதி நாட்களுக்கு உரிய பணம் தருகிறோம், தள்ளுபடியும் எக்ஸ்ரேயும் கழித்து, ஆனால் இதைப் பற்றி எங்கேயும் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நாள் மௌனம், பிறகு பணம் வந்தது. கட்டியதில் பாதிகூட இல்லை. எம்ஆர்ஐ, பிசியோதெரபி, விடுப்பு எல்லாம் என் கணக்கில்தான்.

போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சாதாரண இடுப்பு வலிக்கு முதுகைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சையை மருத்துவ வழிகாட்டிகளே ஒரு வழியாக ஏற்கின்றன. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது போல, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும். செரிமானம், ஆஸ்துமா, தூக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பெயரை நீக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? சட்டப்படி அமைந்த பதிவேடு என்றால் பதிவு எண் கேட்டு, நீங்களே அந்தப் பதிவேட்டின் தளத்தில் தேடிப் பாருங்கள், சுவரைப் பார்க்காதீர்கள். சங்கம் என்றால் அது உறுப்பினர் சந்தா, உரிமம் அல்ல. தொழில் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம், இருப்பவர் எடுத்துக் காட்டுவார். பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தால் எதில் டாக்டர் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் முன்பணம் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிட்டு வாருங்கள், சில வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். மருத்துவரிடம் அனுப்புவேன் என்று சொல்லாதவரிடம் படுக்காதீர்கள்.

கழுத்தைப் பற்றி மட்டும் தனியாக. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவான சம்பவங்கள் உண்டு. மிக அரிது. ஏற்கெனவே குழாய் கிழிந்ததால் வந்த கழுத்து வலிக்காகவே சிலர் அங்கே போயிருக்கலாம் என்றும் ஒரு விவாதம் இருக்கிறது. எப்படியானாலும் என்னிடம் யாரும் இதைச் சொல்லிச் சம்மதம் கேட்கவில்லை. இடுப்புக்குப் போன எனக்குக் கழுத்தையும் திருப்பினார்கள். திருப்பிய பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் மரத்துப்போவது என்று எது வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாதம் எனக்குப் பெரும்பாலும் திரும்பிவிட்டது, மாடி ஏறும்போது மட்டும் கொஞ்சம் தடுக்கும். இனி ஒருமுறை இடுப்பு பிடித்தால், பதிவுள்ள கைரோபிராக்டர் கிடைத்தால் போவேன், எனக்கு ஆட்சேபம் இல்லை. கழுத்தைத் தொட விடமாட்டேன்.